நடு வட்டத்தில் ஏழாவது கேள்வி

1. காலை ஒன்பது மணி இறுதி ஆட்டத்துக்கு, எட்டு ஐம்பதுக்கு நடுவர் இரண்டு கேப்டன்களையும் நடு வட்டத்துக்குக் கூப்பிட்டார்.

2. வழக்கமான ஏழு கேள்விகளையும் கேட்டார். ஏழாவது: அணியில் யாருக்காவது அடி உண்டா, கட்டு உண்டா, எதற்கு.

3. எதிரணி கேப்டன் இல்லை என்றாள்.

4. நான் உண்டு என்றேன். பதினோராம் எண் ஆட்டக்காரி, வலது முழங்கால், உள்பக்க லிகமெண்ட், பாதிக் கிழிசல், ஐந்து வாரம் ஆகிறது என்று சொன்னேன்.

5. அதைச் சொல்லும்போது எதிரணி கேப்டன் என் எதிரே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

6. மூன்றாம் கால்பகுதி முடிய நான்கு நிமிடம் இருக்கையில் பதினோராம் எண் கீழே விழுந்தாள். நான்கு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு போனோம்.

7. ஆட்டம் தொடர்ந்தது. நாங்கள் மூன்று புள்ளியில் ஜெயித்தோம்.

நடந்தது இவ்வளவுதான். நான் இப்போது வண்டி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். ஒரு பாகம் பழுதாகித் திரும்பி வந்தால், அது கடந்து வந்த படிகளை எண் போட்டு எழுதி, பிழை எந்தப் படியில் நுழைந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். இந்த ஏழு வரிகளையும் ஐந்து வருடமாக அப்படித்தான் பார்த்து வருகிறேன். என் விரல் ஒவ்வொரு முறையும் இரண்டாவதில் போய் நிற்கிறது. அந்த இரண்டாவது வரியில் இருக்கும் மனிதரைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர் எழுதவில்லை. அவரிடம் ஆடியவர்களுக்கு அது தேவைப்படாது.

அப்போது அவருக்கு ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு இருக்கும். வேலை, டவுன் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். விடுமுறை நாட்களில் கூடைப்பந்து நடுவர். ஒல்லியான ஆள். நெற்றியில் மூன்று விரல் விபூதி, நான்காம் கால்பகுதி வரை வியர்வையில் கலையாது. கழுத்துக் கயிற்றில் விசிலுக்குப் பக்கத்தில் ஒரு நகவெட்டி தொங்கும். குரல், படியில் நின்று பேசினால் நெரிசலைத் தாண்டிக் கடைசி சீட்டுக்குக் கேட்கிற குரல். அவருக்கு மெதுவாகப் பேச வராது என்று முதலில் நினைத்தேன். வரும். பேசமாட்டார்.

ஆட்டத்துக்கு முன்னால் நடுவர் கேப்டன்களைக் கூப்பிட்டுப் பேசுவது எல்லா இடத்திலும் உண்டு. மற்ற நடுவர்கள் ஒரு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். பெயர் கேட்பார்கள், கை கொடுக்கச் சொல்வார்கள், வம்பு வேண்டாம் என்பார்கள், எந்தப் பக்கக் கூடை யாருக்கு என்று காசைச் சுண்டுவார்கள். இவருக்கு ஏழெட்டு நிமிடம் வேண்டும். இரண்டு கேப்டன்களும் வட்டக் கோட்டில் ஷூ நுனி படும்படி எதிரெதிரே நிற்க வேண்டும். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் காலால் தரையைத் தட்டிக் காட்டுவார். நடுவில் அவர். கூட வந்த இன்னொரு நடுவர் வட்டத்துக்கு வெளியே நிற்பார், அவருக்கு வாய் திறக்க வேலையே இருக்காது.

கேள்விகள் மனப்பாடம். கேப்டன் யார், எண் என்ன. தாளில் எழுதிக் கொடுத்த எண்களும் முதுகில் இருக்கிற எண்களும் ஒன்றா. நகம் வெட்டியாயிற்றா. இல்லையென்றால் நகவெட்டி அவர் கழுத்திலிருந்து கழன்று நம் கைக்கு வரும், அங்கேயே நின்று வெட்டி, வெட்டிய நகத்தையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். கம்மல், மூக்குத்தி, கொலுசு, கையில் கட்டிய கயிறு. பெஞ்சில் உட்காரப் போவது யார் யார். களத்தில் என்னிடம் பேசப்போவது யார். இதற்கு ‘நான்’ என்றால் போதாது, ‘நான் மட்டும் சார்’ என்று சொல்ல வேண்டும். ஏழாவது, அடியும் கட்டும். முழங்காலுக்கு மாட்டும் பிரேஸில் இரும்புப் பட்டை இருந்தால் மேலே உறை போட்டு மூடியிருக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்தவரைக் கிழித்துவிடும். அதற்குத்தான் அந்தக் கேள்வி. அவர் அதோடு நிறுத்தமாட்டார். இருக்கு என்று யாராவது சொன்னால் “எதுக்கு?” என்பார்.

எல்லாவற்றுக்கும் எதுக்கு. டைம் அவுட் கேட்டால் எதுக்கு, பந்தை மாற்றச் சொன்னால் எதுக்கு. எங்களுக்குள் அவர் பெயரே ‘எதுக்கு சார்’ என்று ஆகிவிட்டது. எங்களில் ஹேமாதான் அவரை மாதிரியே பேசிக் காட்டுவாள். விடுதிச் சாப்பாட்டு அறையில் ஸ்பூனைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பரிமாற வந்த அக்காவை நிறுத்தி, “சாம்பார்ல முருங்கைக்காய் போட்டிருக்கீங்க, கேப்டன். எதுக்கு?” என்று கேட்பாள். அந்த அக்கா கரண்டியை ஓங்குவார்.

வட்டத்துக்குள் நிற்கும்வரை அவருக்கு நாங்கள் ‘கேப்டன்’, ‘நீங்க’. கோட்டை விட்டு வந்த அடுத்த நொடி ‘ஏம்மா, அந்தப் பந்த எடுத்துப் போடு’. எந்த விஷயமானாலும் இரண்டு அணியும் கேட்கத்தான் சொல்ல வேண்டும். ஒருத்தியிடம் மட்டும் தனியாக ஒரு வார்த்தை பேசமாட்டார். “வட்டத்துல சொல்லாதது எனக்குத் தெரியாதது” என்பார். ஒரு அணி மோர் கொடுத்தால், மற்ற அணியும் கொடுக்கிறதா என்று விசாரிப்பார். கொடுத்தால் இரண்டு டம்ளரும் குடிப்பார். இல்லையென்றால் தன் பாட்டில் தண்ணீர்தான்.

அவரை நான் முதலில் பார்த்தது கல்லூரியில் முதலாம் ஆண்டு. அப்போது கேப்டன் இறுதியாண்டு அக்கா ஒருத்தி. நான் வட்டத்துக்குப் பக்கத்தில் பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்களுடையது வெள்ளை டிரவுசர். அன்று ஒருத்தி மட்டும் உள்ளே கறுப்பு லெக்கிங்ஸ் போட்டிருந்தாள். எதுக்கு என்றார். அக்கா கோட்டைத் தாண்டி அவர் காதருகே போனாள். அவர் ஒரு அடி பின்னால் நகர்ந்து, தரையைத் தட்டினார்.

“கோட்டுல நின்னு சொல்லுங்க, கேப்டன். அவங்களும் கேக்கட்டும்.”

ஸ்கோர் மேசையில் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா மாதவிடாய் என்று சொன்னாள். மூன்று பேரும் தாளைக் குனிந்து பார்த்தார்கள். தலைவலி என்று கேட்டதுபோல அவர், சரி, போட்டுக்கலாம் என்றார். உடனே எதிரணி கேப்டனிடம் திரும்பி, இவங்களுக்குக் கொடுத்தது உங்களுக்கும் உண்டு, உங்க பிள்ளைகளும் போட்டுக்கலாம் என்றார். அனுமதி கிடைத்தவள் அன்று பெஞ்சை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அடுத்த வாரத்திலிருந்து பயிற்சிக்கும் வரவில்லை.

பஸ்ஸிலும் இதே ஆள்தான். ஒரு நாள் ஆட்டம் முடிந்து அவனியாபுரம் வண்டியில் போய்க்கொண்டிருந்தோம். நடுவில் ஒரு நிறுத்தத்தில் காக்கிச் சட்டையோடு ஏறினார். நான்கு நாள் முன்பு எங்களுக்கு நடுவராக இருந்தவர், ஒவ்வொருத்தியின் டிக்கெட்டையும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். தெரிந்த முகம் என்று காட்டிக்கொள்ளவில்லை. எங்களுக்கு முன்சீட்டில் பூக்கூடையோடு ஒரு அம்மா. அந்த அம்மா வாயருகே கையைக் குவித்து ஏதோ ரகசியமாகச் சொன்னார். இவர் நிமிர்ந்து கண்டக்டரைக் கூப்பிட்டார்.

“தம்பி, இந்தம்மாவுக்கு போர்டு படிக்கத் தெரியாதாம். பரவை வண்டின்னு நெனச்சு இதுல ஏறிட்டாங்களாம். நீங்களும் கேட்டுக்கங்க.”

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அபராதம் ஒன்றும் போடவில்லை. அடுத்த நிறுத்தத்தில் அவரும் கூட இறங்கி, கூடையை வாங்கிக் கீழே வைத்து, எதிர்ப்பக்கம் வந்த வண்டியைக் கை காட்டி நிறுத்தினார். அந்த அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சாலையைக் கடந்து போனார். நல்லதுதானே செய்தார் என்று எங்களில் ஒருத்தி சொன்னாள். ஹேமா அன்று அவரை மாதிரிப் பேசிக் காட்டவில்லை.

அவரை எனக்குப் பிடித்திருந்த நாளும் ஒன்று உண்டு. அதை விட்டுவிட்டு எழுதினால் கணக்கு சரியாக வராது.

மூன்றாம் ஆண்டு. நான் கேப்டன் ஆகியிருந்தேன். திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு போட்டி, அரையிறுதி. போட்டியை நடத்தியவர் வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் மூன்று பேனா. அவர் அண்ணன் மகள் எதிரணியில் ஆடினாள். நாங்கள் பந்து போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கையில் அந்த மனிதர் நடுவரின் தோளில் கை போட்டுத் தண்ணீர்த் தொட்டி வரை நடத்திக்கொண்டு போய் ஏதோ சொன்னார். நடுவர் கடைசி வரை கேட்டார். திரும்பி வந்து விசில் அடித்தார். ஏற்கெனவே முடிந்திருந்த கேப்டன் சந்திப்புக்கு இன்னொரு முறை எங்களைக் கூப்பிட்டார்.

“ஒரு விஷயம், கேப்டன்ஸ். அண்ணன் இப்ப என்கிட்ட தனியா சொன்னாரு. அவங்க வீட்டுப் பொண்ணு நாலாம் நம்பராம், அஞ்சாவது ஃபவுல் வராம பாத்துக்கணுமாம். எனக்குத் தெரிஞ்சது உங்க ரெண்டு பேருக்கும் தெரியணும். அஞ்சு ஃபவுல்னா வெளியதான். வேற கேள்வி இருக்கா?”

வேட்டிக்காரர் ஓரத்தில் நின்று நெளிந்தார். “அண்ணே, சும்மா விசாரிச்சேண்ணே. இதப் போயி மைக் வச்ச மாதிரி சொல்றீங்களே.”

“நானும் சும்மாதாண்ணே சொன்னேன்.”

நாலாம் எண் மூன்றாம் கால்பகுதியிலேயே ஐந்து ஃபவுலோடு வெளியே போனாள். அந்தப் போட்டிக்கு அடுத்த வருடம் இவரைக் கூப்பிடவில்லை என்று கேள்விப்பட்டேன். அன்று நாங்கள் பெஞ்சில் எழுந்து நின்று கை தட்டினோம். இப்படிப்பட்ட ஆளிடம் பொய் சொல்லக் கூடாது என்று நான் அன்றைக்கு முடிவு செய்தேன். யாரும் என்னிடம் கேட்காத முடிவு.

இனி அந்த இறுதி ஆட்டம்.

பதினோராம் எண் ஹேமாதான். சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டுக்குள் அவர்கள் மொழி, வாசலுக்கு வந்தால் நம் மொழி. அப்பா நூலுக்குச் சாயம் போடும் பட்டறையில் வேலை பார்த்தார். ஓர் அரசு நிறுவனம் தன் பெண்கள் அணிக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுத்துக்கொண்டிருந்தது. நிரந்தர வேலை. எங்கள் பகுதியில் மூன்று பேரைக் குறித்து வைத்திருந்தார்கள், அதில் ஒருத்தி ஹேமா. தேர்வாளர்கள் அந்த இறுதி ஆட்டத்தை நேரில் வந்து பார்ப்பார்கள், பன்னிரண்டு நாள் கழித்து உடல் தகுதித் தேர்வு. ஆடவில்லை என்றால் பெயரை அடித்துவிடுவார்கள். முழங்கால் விஷயம் தெரிந்தாலும் அடித்துவிடுவார்கள். பிசியோதெரபிஸ்ட் ஆறு வாரம் ஓய்வு சொல்லியிருந்தார். அது ஐந்தாவது வாரம்.

ஸ்கேன் எடுக்க அவளோடு போனது நான். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மேடம்கிட்டகூட சொல்லாதடி. வீட்ல சும்மா சுளுக்குன்னு சொல்லிருக்கேன்.”

எங்கள் பயிற்சியாளர் மேடமிடம் நான் சொல்லவில்லை. முழங்காலில் ஏதாவது மாட்டிக்கொண்டு ஆடுவது சாதாரணம், பாதிப் பேர் மாட்டியிருப்பார்கள், யாரும் கேட்கமாட்டார்கள். இவரைத் தவிர.

எதிரணி கேப்டன் பெயர் ரோஸ்லின். என்னைவிட ஒரு வருடம் சின்னவள், நன்றாக ஆடுவாள். ஏழாவது கேள்விக்கு அவள் முதலில் பதில் சொன்னாள். இல்லை சார். அவர் என் பக்கம் திரும்பினார்.

“உங்க டீம்ல, கேப்டன்?”

“இருக்கு சார். பதினோராம் நம்பர். பிரேஸ்ல இரும்புப் பட்டை. மேல கவர் போட்டிருக்கு.”

விதிக்கு இது போதும். அவர் போய் உறையைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஆட்டத்தைத் தொடங்கியிருக்கலாம்.

“எதுக்கு?”

சொன்னேன். எந்தக் கால், எந்த லிகமெண்ட், எவ்வளவு கிழிசல், எத்தனை வாரம். முட்டி உள்பக்கமாக மடிந்தால் தாங்காது என்பதையும் சொன்னேன். கேட்ட கேள்விக்குக் குறையில்லாமல் பதில் எழுதித்தான் நான் எல்லாப் பரீட்சையும் தேறியிருக்கிறேன். ரோஸ்லின் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெஞ்சுப் பக்கம் அவள் திரும்பவே இல்லை. அவர் சரி என்று சொல்லி ஹேமாவிடம் போனார், குனிந்து பிரேஸைச் சுற்றிலும் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். வழக்கமான சோதனை என்று நினைத்து ஹேமா அவர் தலைக்கு மேலாக என்னைப் பார்த்து, உதட்டை மட்டும் அசைத்து ‘எதுக்கு’ என்றாள். சிரித்தாள்.

முதல் கால்பகுதியில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் ரோஸ்லின் இடம் மாறி ஹேமாவைப் பிடித்துக்கொண்டாள். ஹேமா வலப்பக்கம் வெட்டும்போதெல்லாம் முழங்காலை உள்ளே தள்ளுகிற மாதிரி அதன் வெளிப்பக்கத்தில் யாராவது ஒருத்தி இருந்தாள். இடைவேளைக்குள் மூன்று ஃபவுல். அவர் மூன்றுக்கும் விசில் அடித்தார், ஒன்றைக்கூட விடவில்லை. மூன்றாவதுக்குப் பிறகு கேப்டன் என்ற முறையில் அவரிடம் போனேன்.

“சார், அந்தக் கால பாத்துத்தான் வர்றாங்க.”

“எதப் பாத்து வர்றாங்கன்னு எனக்குத் தெரியாது, கேப்டன். எங்க பட்டுச்சுன்னு தெரியும். பட்டதுக்கு விசில் அடிச்சாச்சு.”

மேடமிடம் சொல்லி ஹேமாவை வெளியே எடுத்திருக்கலாம். இடைவேளையில் அவளிடம் கேட்டேன், வெளியே வருகிறாயா என்று. சாமியானா நிழலில் ஃபைலைத் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மூன்று தேர்வாளர்களைக் கண்ணால் காட்டினாள். தண்ணீரை வாயில் ஊற்றிக்கொண்டு எழுந்து போனாள். ரோஸ்லினுக்கு எப்படித் தெரிந்தது என்று அவள் யோசித்ததாகவே தெரியவில்லை. நான் சொல்லவும் இல்லை.

மூன்றாம் கால்பகுதியில் ஒரு ரீபவுண்ட், கூடையில் பட்டுத் திரும்பிய பந்து. ஹேமா எம்பிப் பந்தைப் பிடித்துவிட்டாள். கீழே வரும்போது ரோஸ்லினின் தொடை அவள் முழங்காலின் வெளிப்பக்கத்தில் இருந்தது. கால் ஊன்றிய சத்தத்தோடு இன்னொரு சத்தமும் கேட்டது. அவர் விசில் அடித்தார். முஷ்டியை உயர்த்தினார். மேசைக்கு ரோஸ்லினின் எண்ணைக் காட்டினார், ஃபவுலைக் காட்டினார், எல்லாம் விதிப்புத்தகத்தில் படம் போட்டிருக்கிறபடி. ஹேமா தரையில் கிடந்து சிமெண்டை உள்ளங்கையால் அடித்துக்கொண்டிருந்தாள். அவர் பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கடிகாரம் நின்றிருக்கிறதா என்று மேசையைப் பார்த்தார்.

அணியாக அவர்களுக்கு அந்தக் கால்பகுதியில் அது ஐந்தாவது ஃபவுல். மாற்று ஆள் வந்து இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டாள். இரண்டும் விழுந்தன.

மேடம் ஹேமாவைத் தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கேப்டன் இருந்தாக வேண்டும் என்பதால் நான் ஆட்டம் முடியும்வரை இருந்தேன். வெற்றிக் கோப்பையை வாங்கிப் பெஞ்சில் வைத்துவிட்டு அவரைத் தேடிப் போனேன். ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று ஷூவைக் கழற்றிச் செருப்புக்கு மாறிக்கொண்டிருந்தார். பேச வேண்டும் என்றேன். மேட்ச் பற்றியா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

“அப்ப அந்தப் பொண்ணையும் கூட்டிட்டு வா. ஒருத்தர்கிட்ட மட்டும் நான் பேசுறதில்ல.”

சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் சாய்ந்து காத்திருந்தார். நான் மைதானத்தைக் கடந்து போய் ரோஸ்லினைக் கூட்டிக்கொண்டு வந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கேவலமான வேலை அது. அவள் ஏன் என்று கேட்காமல் ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள்.

“இரும்பு இருக்கான்னு கேட்டாப் போதும், சார்,” என்றேன். “எதுக்குன்னு கேக்க விதியில இடம் இல்ல.”

“ரெண்டு பேரையும்தான் கேட்டேன். இந்தப் பொண்ணு இல்லன்னு சொல்லுச்சு. நீ இருக்குன்னு சொன்ன. சொன்னது நீ.”

ரோஸ்லின் என்னைப் பார்த்தாள். கேலியாக இல்லை. தெரியாத பாடத்தைச் சொல்லிக்கொடுப்பது மாதிரி இருந்தது.

“அக்கா, எங்க எட்டாம் நம்பருக்குத் தோள்பட்டை ரெண்டு தடவ கழண்டிருக்கு. நான் சொல்லலையே.”

அப்போதுதான் அவர் முகம் மாறியது. அத்தனை வருடத்தில் அந்த முகம் மாறி நான் பார்த்ததில்லை.

“வட்டத்துல நின்னு பொய் சொன்னியா?”

“அங்க நின்னு யாரு சார் உண்மையச் சொல்வா? எல்லாருமே இல்லன்னுதான் சொல்வோம். இம்புட்டு வருசமா உங்களுக்குத் தெரியாதா?”

அவர் ரோஸ்லினையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றி, விசிலையும் நகவெட்டியையும் சேர்த்துச் சுருட்டி, சட்டைப்பையில் போட முயன்று, பை எங்கே என்று தெரியாததுபோல் இரண்டு முறை தடவினார். பிறகு என்னைப் பார்த்தார். பதினோராம் நம்பர் எப்படி இருக்கு என்று கேட்பார் என்று நின்றேன். அந்த ஒரு கேள்விக்காக மட்டும் நின்றேன். எல்லாவற்றுக்கும் எதுக்கு என்று கேட்டவர் அதைக் கேட்கவில்லை. வண்டியை உதைத்துக் கிளப்பிப் போய்விட்டார். அவருக்குக் கோபம் வந்தது ஒரு பொய்யால், முழங்காலால் இல்லை.

ஆஸ்பத்திரியில் ஹேமாவின் அம்மா என்னைப் பார்த்ததும் அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார். எனக்கு அந்த மொழி தெரியாது. அர்த்தம் கேட்கவும் இல்லை. அவர் காபி வாங்கப் போன பிறகு ஹேமாவிடம் நடந்ததைச் சொன்னேன், வரிசையாக, எதையும் விடாமல். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அவரு எல்லார்கிட்டயும்தான்டி கேப்பாரு,” என்றாள். “நீ ஏன்டி சொன்ன?”

பொய் சொல்ல வரவில்லை என்றேன். மேடமிடம் மட்டும் எப்படி வந்தது என்று கேட்டாள்.

போன மாதம் பரவை பக்கம் ஒரு மைதானத்தில் எங்கள் தொழிற்சாலை அணி ஆடியது. நான் ஆடுவதில்லை, பார்க்கப் போயிருந்தேன். அவர்தான் நடுவர். பஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாராம். கொஞ்சம் கூன் விழுந்திருந்தது. விபூதியும் நகவெட்டியும் அப்படியே இருந்தன. கேப்டன்களைக் கூப்பிட்டார், தரையைத் தட்டினார், கேள்விகளை ஆரம்பித்தார். எதிரணி கேப்டனின் தொடையிலிருந்து கெண்டைக்கால் வரை ஒரு பிரேஸ். கேலரியின் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்த எனக்கே தெரிந்தது.

“யாருக்காவது அடி, கட்டு?”

“இல்ல சார்,” என்றாள் பிரேஸ் போட்டவள்.

அவர் அந்தக் காலைப் பார்த்தார். குனிந்து, கட்டை விரலால் உறையை அழுத்திப் பார்த்தார். நிமிர்ந்தார். சரி என்றார். எதுக்கு என்று கேட்கவில்லை. ஹேமாவின் முழங்கால் கதை எங்கள் ஊர் மைதானங்கள் எல்லாவற்றிலும் எப்போதோ பரவிவிட்டது. புதிதாகக் கேப்டன் ஆகிறவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதே அதைத்தான். எனக்கு அதில் ஒரு திருப்தி இருந்தது, மறைக்கவில்லை.

ஆட்டம் முடிந்து வாசலுக்கு வந்தபோது பின்னாலிருந்து அந்தக் குரல் கேட்டது. இருபது அடி தூரத்தில் நின்றிருந்தார். பக்கத்தில் வரவில்லை. வண்டி எடுத்துக்கொண்டிருந்த இரண்டு அணிக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஏம்மா. அந்தப் பதினோராம் நம்பர், நடக்குதா?”

ஐந்து வருடம் காத்திருந்த கேள்வி. என்னிடம் முழுப் பதிலும் இருந்தது. எந்தத் தேதி, எத்தனை தையல், எவ்வளவு டிகிரி மடங்குகிறது என்பதுவரை.

“எதுக்கு?” என்றேன்.

அவர் வாயைத் திறந்தார். எல்லாரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இப்போதைய நிலை இது. ஹேமாவின் முழங்காலில் இரண்டு அறுவை சிகிச்சை முடிந்திருக்கிறது. நடக்கிறாள். படி இறங்கும்போது கைப்பிடி வேண்டும். அந்த வேலை அந்த வருடமே வேறொருத்திக்குப் போனது. அவர் இன்னும் ஏழு கேள்விகளையும் கேட்கிறார், ஏழாவதுக்கு எல்லாரும் இல்லை என்கிறார்கள். மேலே இருக்கும் ஏழு வரிகளையும் போன வாரம் ஹேமாவுக்கு அனுப்பி, பிழை எதில் நுழைந்தது என்று கேட்டேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. ஓர் எண் மட்டும். நான்கு.